எஸ் வளைவு சைனீஸ் எல்ம் போன்சாய்: மரம் தங்கம், மண் வில்லங்கம்

ஐரோப்பியத் தோட்டக் கடைகளிலும், சில சமயம் சூப்பர் மார்க்கெட்டில் பூங்கொத்து வைத்திருக்கும் வரிசைக்குப் பக்கத்திலும், பாம்பு நெளிந்து எழுந்தது போன்ற தண்டோடு ஒரு குட்டி மரம் நீல மெருகுத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும். 20 முதல் 30 செ.மீ. உயரம் இருக்கும். சீட்டில் 'போன்சாய், வீட்டுக்குள் வளர்க்க ஏற்றது' என்றும், ஆறு வயது அல்லது எட்டு வயது என்றும் அச்சடித்திருப்பார்கள். விலை பெரும்பாலும் 25 முதல் 40 யூரோவுக்குள் இருக்கும். அதுதான் எஸ் வளைவு சைனீஸ் எல்ம். தென்சீனாவில் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வளைத்து வளர்த்து ஏற்றுமதி செய்கிற சரக்கு.

அச்சுப்போட்ட மரம் என்று போன்சாய்க்காரர்கள் சிலர் இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்கள். அந்த அலட்சியம் தேவையில்லை. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்த விலையில் இதைவிட நல்ல மரம் கிடைப்பது கடினம். வெட்டினால் துளிர்க்கும், மொட்டைத் தண்டிலிருந்தும் மொட்டு விடும், இலை தானாகவே சிறுத்துக்கொண்டே போகும், தப்பைப் பொறுத்துக்கொள்ளும். வாங்கிய மூன்று மாதத்தில் குப்பைக்குப் போகிற எல்ம்கள் பெரும்பாலும் சாவது மரத்தின் குறையால் இல்லை. கூட வருகிற மண், மேலே ஒட்டிய கூழாங்கல், 'வீட்டுக்குள்' என்று சொல்லும் சீட்டு, இந்த மூன்றும் சேர்ந்துதான் கொல்கின்றன. ஆகவே இந்தப் பொருளை ஒரே மதிப்பெண்ணில் அடக்க முடியாது. மரத்துக்குப் பத்துக்கு எட்டரை, தொட்டிக்கு ஆறு, மண்ணுக்கு இரண்டு, சீட்டுக்குப் பூஜ்யம்.

முதலில் கையில் இருப்பது எல்ம்தானா என்று பார்த்துவிடுவது நல்லது. உல்மஸ் பார்விஃபோலியா என்பது தாவரவியல் பெயர். 'சின்ன இலை எல்ம்' என்று பொருள். சீனா, கொரியா, ஜப்பான், தைவான், வியட்நாம் இதன் சொந்த ஊர்கள். பெரும்பாலான எல்ம்கள் வசந்தத்தில் பூக்கும்போது இது இலையுதிர் காலத்தில் பூக்கும். ஜப்பானியர்கள் 'அகினிரே', அதாவது 'இலையுதிர் கால எல்ம்' என்று அழைப்பது அதனால்தான். கடைகளில் இதற்கு 'செல்கோவா' என்று சீட்டு ஒட்டியிருப்பதும் உண்டு. அது இதே குடும்பத்து வேறு மரம். ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். எல்ம் இலையின் அடியில் இரண்டு பாதியும் காம்பை ஒரே இடத்தில் தொடாது, ஒரு பக்கம் சற்றுக் கீழிறங்கியிருக்கும்; பக்க நரம்புகளில் சில ஓரத்துக்கு வருமுன் இரண்டாகப் பிரியும். செல்கோவாவில் ஒவ்வொரு நரம்பும் பிரியாமல் நேராக ஒரு பல்லின் முனைக்கு ஓடும். வயதானால் பட்டையும் காட்டிக்கொடுக்கும். சைனீஸ் எல்மின் பட்டை சில்லுசில்லாக உரிந்து அடியில் ஆரஞ்சும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். உரிந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம், அதுதான் அதன் அழகு.

இன்னொரு பயமும் ஐரோப்பாவில் உண்டு. எல்ம் என்றதும் பிரிட்டனில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட மரங்களைத் தின்றுதீர்த்த டச்சு எல்ம் நோய் நினைவுக்கு வரும். 1920களின் தொடக்கத்தில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் அதன் காரணமான பூஞ்சையைக் கண்டறிந்ததால் வந்த பெயர் அது. சைனீஸ் எல்முக்கு அந்த நோயை எதிர்க்கும் சக்தி நன்றாகவே உண்டு. அந்தக் கவலையை ஒதுக்கிவிடலாம்.

கடையில் நின்று பொறுக்கும்போது இலைப் பச்சையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பொட்டலம் பிரித்து ஒரு வாரம்கூட ஆகாத மரம் எல்லாமே பச்சையாகத்தான் இருக்கும். தண்டின் அடியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக அசையுங்கள். தொட்டிக்குள் ஆடினால் வேர் பிடிக்கவில்லை, அல்லது அழுகிப்போயிருக்கிறது. வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். நுனிகளில் புதுக் கொழுந்து தெரிய வேண்டும். சந்தேகமான கிளையில் நகத்தால் ஓர் ஊசிமுனை அளவு பட்டையைச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிய வேண்டும். பழுப்பு என்றால் அந்தக் கிளை போய்விட்டது. பிறகு தண்டைச் சுற்றிப் பாருங்கள். வளைப்பதற்குக் கட்டிய கம்பி அமுங்கி, திருகாணிப் புரி போல் சுற்றிச்சுற்றித் தழும்பு விட்டிருந்தால் அது மறைய வருடக்கணக்காகும். கடைசியாக, தொட்டியைத் தூக்கி அடியைப் பாருங்கள். இரண்டு துளையாவது இருக்க வேண்டும், சுண்டுவிரல் நுழைய வேண்டும். துளையே இல்லாத தொட்டியில் போன்சாய் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கடையில் வேறு எதையும்கூட வாங்காமல் வருவது உத்தமம்.

இப்போது மண்ணுக்கு வருவோம். சில மரங்களில் மேல்மண் முழுக்கக் கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், லாரியில் வரும்போது சிந்தக் கூடாது என்று. வழிகிற தண்ணீர் அதன்மேல் ஓடித் தொட்டி விளிம்பு வழியே இறங்கிவிடும். அடியில் தட்டு நிறைந்திருக்கும், வேரோ காய்ந்து கிடக்கும். வாங்கி வந்த அன்றே தொட்டியை அரை மணிநேரம் தண்ணீரில் ஊறவிட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் ஓரத்திலிருந்து நெம்பினால் அந்த ஓடு அப்பளம் மாதிரி துண்டுதுண்டாக வரும். தண்டை ஒட்டிய துண்டை மட்டும் பட்டை கிழியாமல் கையால் எடுங்கள்.

அடுத்த வில்லங்கம் ஓடு போன பிறகுதான் தெரியும். சாப்ஸ்டிக் ஒன்றை, அல்லது முனை சீவிய மூங்கில் குச்சியை, தண்டுக்கும் விளிம்புக்கும் நடுவே குத்திப் பாருங்கள். முதல் ஒரு செ.மீ. சுலபமாக இறங்கும், பிறகு செங்கல்லில் முட்டியது போல் நிற்கும். வயலில் வளர்ந்தபோது வேரைச் சுற்றி இருந்த களிமண் உருண்டை அது. சுற்றிலும் கொஞ்சம் கலவையைத் திணித்துத் தொட்டியில் வைத்திருப்பார்கள். வேறு சிலவற்றில் பீட் என்கிற சதுப்புநில மக்குமண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்த கறுப்புக் கலவை இருக்கும். இரண்டிலும் ஒரே கோளாறு: ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிட்டால் பிறகு தண்ணீரை உள்ளே விடாது. மேலே ஈரம், நடுவே பாலைவனம். 'தினமும் தண்ணீர் ஊற்றினேன், இலை மொறுமொறு என்று காய்ந்துவிட்டது' என்று புலம்புகிறவர்களின் தொட்டியைக் கவிழ்த்தால் இதுதான் இருக்கும்.

வாங்கிய உடனே மண்ணை மாற்றவும் முடியாது. பருவம் வரும்வரை இப்படிச் சமாளிக்கலாம்: குச்சியால் மண்ணில் ஏழெட்டு இடத்தில் அடிவரை துளையிடுங்கள், திருகித் திருகி இறக்கினால் வேர் அதிகம் அறுபடாது. பிறகு தொட்டி விளிம்பு மூழ்கும்படி ஒரு பேசினில் வைத்து, குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் பத்து நிமிடம், விடுங்கள். எடுத்து ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து வடித்துவிடுங்கள். முழு ஈரத்தில் தொட்டி எவ்வளவு கனம் என்பதைக் கையால் தூக்கிப் பார்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தண்ணீர் எப்போது என்பதை மேல்மண்ணின் நிறத்தைவிட அந்தக் கனம் சரியாகச் சொல்லும்.

தண்ணீர் ஊற்றுவதற்குக் கிழமைக் கணக்கு கிடையாது. மேல்மண் ஒரு செ.மீ. ஆழம் காயத் தொடங்கும்போது ஊற்ற வேண்டும். கோடையில் வெளியே இருந்தால் தினம் ஒருமுறை, வெயில் கொளுத்தினால் இருமுறை. குளிர்காலத்தில் வாரம் ஒருமுறையே போதுமாக இருக்கலாம். மெல்லிய துளையுள்ள பூவாளியால் அடித்துளையில் வடியும்வரை ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு மறுபடி ஒருமுறை ஊற்றுங்கள். முதல் தண்ணீர் மண்ணை நனைக்கத்தான். இரண்டாவதுதான் உள்ளே போகும். பெட்டியில் கூடவே தருகிற தெளிப்பான் புட்டி தண்ணீர் ஊற்றுவதற்கு உதவாது. இலைத் தூசி கழுவ வைத்துக்கொள்ளலாம். அடித்தட்டில் தேங்கும் நீரைக் கொட்டிவிடுங்கள், அதில் தொட்டி நின்றால் வேர் அழுகும். லண்டன் போன்று குழாய்நீரில் சுண்ணாம்பு அதிகமுள்ள ஊரில் தண்டின் அடியில் வெள்ளைப் படலம் ஏறும். மழைநீர் பிடித்து ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

இனி அந்தச் சீட்டு. 'வீட்டுக்குள் ஏற்றது' என்பது பாதிதான் உண்மை. தென்சீன வெப்பத்தில் வளர்ந்த மரம் 20 டிகிரி அறையில் இலை உதிர்க்காமல் இருக்கும், உயிரோடும் இருக்கும். ஆனால் டிவிக்குப் பக்கத்து மேஜையில் வெளிச்சம் போதாது. ஜன்னலிலிருந்து இரண்டு மீட்டர் உள்ளே தள்ளினாலே வெளிச்சம் மிகவும் குறைந்துவிடும். நம் கண் அதை உணராது, மரம் உணரும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை பெரிதாகி, உள்பக்கக் குச்சிகள் ஒவ்வொன்றாகக் காயும். வீட்டுக்குள்தான் வைத்தாக வேண்டும் என்றால் தெற்கு பார்த்த ஜன்னலில், கண்ணாடியை ஒட்டி, அடியில் ஹீட்டர் இல்லாத இடமாகப் பாருங்கள். பால்கனியோ தோட்டமோ இருந்தால் மே மாதத்தில் உறைபனி அபாயம் போனதும் வெளியே கொண்டுபோய், முதல் வாரம் நிழலிலும் பிறகு மெல்ல வெயிலிலும் வைத்து, செப்டம்பர் வரை அங்கேயே விடுங்கள். ஒரே கோடையில் இலை சிறுத்து, தடித்து, ஆளே மாறிவிடும்.

குளிர்காலம் குழப்பமான விஷயம். இந்த மரம் இடத்துக்குத் தக்கபடி நடக்கும். வெதுவெதுப்பில் இலையை வைத்துக்கொள்ளும், குளிரில் உதிர்க்கும். அக்டோபரில் மஞ்சளாகி உதிர்ந்தால் செத்துவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள், நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கோடை முதல் வெளியே நின்று குளிருக்குப் பழகிய மரம் லேசான பனியைத் தாங்கும். மைனஸ் 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் ஆழமில்லாத தொட்டியில் வேர் உறையாமல் காப்பாற்ற வேண்டும். சூடேற்றாத கொட்டகை, வெளிச்சமுள்ள மாடிப்படி, 5 முதல் 10 டிகிரி உள்ள எந்த இடமும் நல்லது. சூடான அறையிலிருந்து எடுத்து நேராகப் பனியில் வைப்பதுதான் கூடவே கூடாது.

மண் மாற்றத்துக்கு நாள் குறிக்கிறவை மொட்டுகள்தான். பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச்சில் அவை உப்பி, பச்சைக்கோடு தெரியும் முன் செய்யுங்கள். 20 செ.மீ. தொட்டிக்கு ஒன்றரை லிட்டர் கலவை போதும். அகடாமா (ஜப்பானியக் களிமண் குருணை) 2 பங்கு, பியூமிஸ் (துளை நிறைந்த லேசான நுரைக்கல்) 1 பங்கு, எரிமலைக் கல் 1 பங்கு, எல்லாம் 2 முதல் 4 மி.மீ. பருமனில். மாவுச் சல்லடையில் சலித்துத் தூசியை விட்டெறிய வேண்டும், அந்தத் தூசிதான் அடியில் படிந்து துளையை அடைக்கும். அகடாமா விலை கட்டுப்படியாகவில்லை என்றால் பிரிட்டனில் பலர் பூனைக் கழிவுத் தட்டில் போடும் டயட்டமைட் (நுண்பாசிப் படிவக் கல்) மணலைப் பயன்படுத்துகிறார்கள். கட்டியாகாத ரகமாக இருக்க வேண்டும்; வாங்கியதும் ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு நாள் போட்டு, கரையவில்லை என்று பார்த்துவிட்டே தொட்டியில் போடுங்கள்.

மண்ணை லேசாகக் காயவிட்டு மரத்தை வெளியே எடுங்கள். துளையை மூடிய வலை, கட்டுக்கம்பி இருந்தால் முதலில் அவற்றை வெட்டுங்கள். குச்சியால் வெளியிலிருந்து உள்ளே கிளறி, சுற்றி ஓடிய நீள வேர்களைச் சீப்பால் வாருவது போல் பிரியுங்கள். களி உருண்டை வந்ததும் பூவாளித் தண்ணீரால் கரைத்துக்கொண்டே குச்சியால் பிடுங்க வேண்டும். கட்டுடலான மரம் என்றால் மொத்தக் களியையும் கழுவி எடுத்தாலும் எல்ம் பெரும்பாலும் தாங்கிவிடும். வாடிய மரத்தில் இந்த வருடம் ஒரு பாதி, இரண்டு வருடம் கழித்து மறுபாதி. கீழ்நோக்கி இறங்கும் தடித்த வேர்களைக் குட்டையாக வெட்டுங்கள், பக்கவாட்டில் விரியும் சல்லிவேர்களை விடுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. களி கரையும்போது தண்டின் அடியில் இரண்டு செ.மீ. புதைந்து கிடந்த மேல்வேர்கள் வெளிப்படுவது இந்த மரத்தில் அடிக்கடி நடக்கும். காசில்லாமல் கிடைக்கிற அழகு, மறுபடி புதைத்துவிடாதீர்கள்.

துளைக்கு வலை, ஒன்றரை மி.மீ. கம்பியால் வேர்க்கட்டைத் தொட்டியோடு இறுக்கிக் கட்டு, பிறகு கலவை. இந்தக் கட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்றில் மரம் ஆடினால் அன்றன்று விடும் புதுவேர் முனை அன்றன்று அறுபடும். கலவையைக் குச்சியால் குத்திக் குத்தி வேரிடுக்கில் இறக்குங்கள். கையால் அமுக்க வேண்டாம். தெளிவான தண்ணீர் அடியில் வரும்வரை ஊற்றுங்கள். மூன்று வாரம் காற்றும் நேர்வெயிலும் படாத இடம், நான்கு முதல் ஆறு வாரம் உரம் கிடையாது. இளமரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, முதிர்ந்ததற்கு மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

இந்த மரத்தை வாங்குவதற்கே காரணமாகச் சொல்ல வேண்டியது கவாத்துதான். எல்ம் மாதிரி வெட்டுக்குப் பதில் சொல்லும் மரம் அரிது. தென்சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் லிங்னான் என்கிற குட்டைமர மரபுக்காரர்கள் கம்பியை அதிகம் நம்பாமல் வளரவிட்டு வெட்டி, வளரவிட்டு வெட்டியே கிளைகளுக்கு வடிவம் கொடுத்தார்கள். அந்த முறைக்கு எல்ம் சொல்லிவைத்தது போல் பொருந்தும்.

பராமரிப்புக் கவாத்து ஏப்ரல் முதல் செப்டம்பர் தொடக்கம் வரை. கொழுந்து வந்தவுடன் வெட்டக் கை பரபரக்கும், பொறுங்கள். ஆறு முதல் எட்டு இலை வரட்டும், பிறகு இரண்டு அல்லது மூன்று இலைக்குத் திரும்ப வெட்டுங்கள். முதல் இலையிலேயே கிள்ளிக்கொண்டிருந்தால் வேருக்கு உணவு போகாது, மரம் மெலியும். இரண்டு இலை விட்டு வெட்டினால், அந்த இரண்டு இலைக்கக்கத்திலும் மொட்டு விழித்து இரண்டு குச்சி வரும். அவற்றை மறுபடி இரண்டு இலைக்கு வெட்டினால் நாலு. மூன்றிலிருந்து ஐந்து வாரத்துக்கு ஒரு சுற்று வரும். இரண்டு பருவத்தில் விரல்நீளக் கிளை கைவிசிறி மாதிரி பிரிந்திருக்கும்.

ஒரே ஒரு குச்சியை அருகில் வைத்துப் பாருங்கள். எல்மில் இலைகள் ஒன்று இடம், ஒன்று வலம் என்று மாறிமாறி அமரும். கடைசியாக எந்த இலையை விடுகிறீர்களோ, அந்த இலை பார்க்கும் திசையில்தான் அடுத்த குச்சி போகும். ஆக, வலப்பக்கம் குச்சி வேண்டுமென்றால் வலத்து இலைக்கு மேலே வெட்ட வேண்டும். வெட்டுவாய் கணுவுக்கு மேல் ஒன்று இரண்டு மி.மீ. தள்ளி, மொட்டிலிருந்து விலகிச் சரிவாக இருக்கட்டும். அதிகம் விட்டால் முளை காய்ந்து முள்ளாக நிற்கும், ஒட்டி வெட்டினால் மொட்டே காயும். நகத்தால் கிள்ளுவது வேகம்தான், ஆனால் நசுங்கிய நுனி பழுப்பாகும். சாதாரண ஓரமெல்லிய கத்தரிக்கோலே போதும். பெட்டியில் வரும் கறுப்புக் கத்தரிக்கோல் குச்சி வெட்ட மோசமில்லை, பென்சில் பருமனுக்கு மேல் அதைக் கொண்டு மல்லுக்கட்டாதீர்கள்.

உச்சி எப்போதும் பலசாலி, கீழ்க்கிளை நோஞ்சான். ஆகவே ஒரே அளவில் சுற்றி வெட்டினால் இரண்டு வருடத்தில் மேலே காடு, கீழே வெறுங்குச்சி. உச்சியில் ஓர் இலைக்கு, நடுவில் இரண்டுக்கு, கீழே மூன்று நான்குக்கு வெட்டுங்கள். கீழ்க்கிளை தடிக்க வேண்டுமென்றால் ஒரு பருவம் முழுக்க அதன் நுனியைத் தொடாமல் நீளவிட்டு, அடுத்த பிப்ரவரியில் குட்டையாக வெட்டலாம். வேலிச்செடி வெட்டுவது போல் மேலாக ஒரு கத்தரி வீச்சு வீசுவதுதான் அடிக்கடி காண்கிற தப்பு. பாதி வெட்டுண்ட இலைகள் ஓரம் கருகி அசிங்கமாகும். வெளிப்பக்கம் பந்து போல் அடர்ந்து, வெளிச்சம் இல்லாமல் உள்குச்சிகள் செத்துப்போகும். இரண்டு கையாலும் இலையை விலக்கி உள்ளே பார்த்தால் ஒரு கைப்பிடி காய்ந்த குச்சி கிடைக்கும்.

எல்மின் தாராளமே சில சமயம் தலைவலி. வெட்டிய இடத்தில் ஐந்தாறு மொட்டு கொத்தாகக் கிளம்பும். அப்படியே விட்டால் அந்த இடம் விரல்முட்டி போல் வீங்கி, கிளையின் அடியைவிட நுனி தடித்துவிடும். பிறகு அதைச் சரிசெய்ய மொத்தமாக வெட்டி எறிய வேண்டியதுதான். மொட்டு அரிசியளவு இருக்கும்போதே இரண்டை விட்டுவிட்டு மற்றதைத் தேய்த்துவிடுங்கள். நேர் மேலே எழுவதும் நேர் கீழே தொங்குவதும் முதலில் போகட்டும்.

பெரிய கிளை வெட்டு வேறு கதை. அது பிப்ரவரி வேலை, இலை இல்லாத மரத்தில் எலும்பு தெரியும்போது. குழிவெட்டுக் குறடு ஒன்று இருந்தால் காயத்தைத் தண்டின் மட்டத்துக்குச் சற்றே உள்குழிவாக வெட்டலாம். ஆறும்போது சதை ஓரத்திலிருந்து உருண்டு வருவதால், தட்டையாக வெட்டிய காயம் மேடாகும், குழிந்த காயம் மட்டமாகும். ஓரத்தைக் கூர்கத்தியால் சுத்தமாக்கி, காயப்பசை பூசிவிடுங்கள். செப்டம்பர் நடுவுக்குப் பின் கவாத்து வேண்டாம். அப்போது வரும் இளந்தளிர் முதிர்வதற்குள் பனி வந்துவிடும்.

அந்த எஸ் வளைவை என்ன செய்வது? இரண்டு வளைவும் ஒரே தளத்தில், பக்கவாட்டில் பார்த்தால் தட்டையாக இருப்பதுதான் அதன் செயற்கைத்தனம். அடிவளைவு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், மேல்வளைவுதான் கேலிக்கூத்து. முதல் வளைவுக்குச் சற்று மேலே, முன்பக்கமோ பின்பக்கமோ கிளம்பும் கிளை ஒன்றைத் தேர்ந்து, அதற்கு மேலே தண்டைச் சாய்வாக அறுத்துவிட்டு, அந்தக் கிளையையே புது உச்சியாக்கலாம். மரம் பாதியாகிவிடும், வயிறு எரியும். ஆனால் மூன்று வருடத்தில் அச்சுச் சரக்கு என்று யாரும் சொல்ல முடியாத குட்டைமரம் நிற்கும். கிளையே இல்லாவிட்டாலும் வெட்டலாம், பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலிருந்தே மொட்டு வரும். மண் மாற்றிய வருடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஒரு வருடத்துக்கு ஒரு பெரிய அதிர்ச்சி போதும்.

கம்பி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு தடிமனுள்ள அலுமினியக் கம்பி, 45 டிகிரி சாய்வில். 1, 1.5, 2 மி.மீ. மூன்றும் வீட்டில் இருந்தால் போதும். வளரும் பருவத்தில் மூன்றாவது வாரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருங்கள், எல்ம் வேகமாகத் தடிக்கும். எடுக்கும்போது சுற்றைப் பிரிக்காமல் துண்டுதுண்டாக வெட்டி எடுங்கள். பென்சிலைவிடத் தடித்த கிளை வளையாது, முறியும்.

உரத்தில் சிக்கனமும் வேண்டாம், ஆவேசமும் வேண்டாம். திரவ உரத்தைப் பாதிச் செறிவில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை. அல்லது பிண்ணாக்கு உருண்டைகளை மண்மேல் வைக்கலாம். நோயாளி மரத்துக்கு உரம் மருந்தாகாது.

பூச்சியில் முதல் எதிரி வீட்டுக்குள் வரும் சிவப்புச் சிலந்தி. இலை பொடிப்பொடியாய் வெளிறினால் அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டுங்கள்; தாளில் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். ஷவரில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவி, ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை செய்தால் பெரும்பாலும் அடங்கும். செதில்பூச்சியைப் பழைய பல்துலக்கியால் தேய்க்கலாம். மருந்துக்குப் போகும்முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். டைமெதோயேட், மாலத்தியான் போன்றவை பட்டால் சைனீஸ் எல்ம் இலையைக் கொட்டிவிடும் என்பது வளர்ப்பவர்கள் அறிந்தது. சோப்புக் கரைசல், வேப்பெண்ணெய் என்று மெல்லத் தொடங்கி, அதையும் முதலில் ஒரு கிளையில் சோதித்துவிட்டுத் தெளியுங்கள். இலை மஞ்சளானால் உடனே பூச்சி என்று ஓட வேண்டாம்: உள்பக்க இலை மட்டும் மஞ்சள் என்றால் வெளிச்சக் குறைவு, எங்கும் மஞ்சளாகித் தொளதொளத்தால் அதிகத் தண்ணீர், பச்சையாகவே மொறுமொறுத்தால் வறட்சி.

சென்னை, பெங்களூரு நர்சரிகளிலும் இப்போது சைனீஸ் எல்ம் கிடைக்கிறது. பெங்களூருக்கும் ஊட்டி, கொடைக்கானலுக்கும் பொருத்தம் சரி. சென்னையில் வளராது என்றில்லை, மேலே சொன்ன மாதக் கணக்குதான் பொருந்தாது. அங்கே ஓய்வுக்காலம் கிட்டத்தட்ட இல்லை. மண் மாற்றத்தை மழை ஓய்ந்த ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளலாம். மே மாதத்தில் காலை பதினொரு மணிவரை வெயில், பிறகு 50 சதவீத நிழல்வலை, தண்ணீர் காலையும் மாலையும். மொட்டைமாடித் தளத்தில் தொட்டியை நேராக வைத்தால் வேர் வெந்துவிடும், ஒரு பலகையாவது கீழே போடுங்கள். அகடாமாவுக்கு அலைய வேண்டாம். சலித்த செங்கல் சில்லு 2 பங்கு, தூசியில்லாத பெருமணல் 1 பங்கு, மக்கிய இலை எரு 1 பங்கு என்ற கலவை நன்றாகவே வேலை செய்யும்.

இவ்வளவும் செய்ய மரத்தின் விலைபோக ஒரு கத்தரிக்கோல், கொஞ்சம் கம்பி, ஒன்றரை லிட்டர் மண், காயப்பசை வேண்டும். குழிவெட்டுக் குறடை முதல் வருடமே வாங்க வேண்டியதில்லை. கூட வந்த தொட்டியின் உள்பக்கம் மெருகில்லாமல் இருந்து, துளையும் ஒழுங்காக இருந்தால் மூன்று நான்கு வருடத்துக்கு அதுவே போதும்.

மண் மாற்றும் நாளில் வெட்டிப்போட்ட வேர்களைக் குப்பையில் கொட்டுமுன் ஒருமுறை கிளறுங்கள். பென்சில் பருமனில் 6, 7 செ.மீ. நீளமுள்ள துண்டு ஏதாவது இருக்கும். தண்டுப்பக்கம் இருந்த முனை மேலே வரும்படி, அரை செ.மீ. மட்டும் வெளியே தெரிய அதே கலவையில் நட்டு, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள். சில வாரத்தில் வெட்டுவாயைச் சுற்றிக் கடுகுமணி போல் பச்சை மொட்டுகள் வரும். அதில் எஸ் வளைவு கிடையாது.